மணிக்கட்டு வலிக்கு எதைக் கட்டுவது: கிரேப் பேண்டேஜா, பெல்ட்டா, தகடு வைத்த பிரேஸா?

மருந்துக்கடையில் போய் “கை சுளுக்கிக்கிச்சு, ஒரு பெல்ட் குடுங்க” என்று கேட்டால், கடையில் எது இருக்கிறதோ அதுதான் கைக்கு வரும். சுருட்டி வைத்த கிரேப் பேண்டேஜ், வெல்க்ரோ ஒட்டும் எலாஸ்டிக் பெல்ட், உள்ளே அலுமினியத் தகடு செருகிய பிரேஸ், பெருவிரலையும் சேர்த்துப் பிடிக்கும் ஸ்பிளின்ட் எல்லாம் ஒரே அலமாரியில்தான் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றும் செய்யும் வேலை வேறு. பெருவிரல் பக்கத்து வலிக்கு மணிக்கட்டை மட்டும் பிடிக்கும் பிரேஸ் வாங்கினால் பணம் வீண். நரம்பு அழுத்தத்தால் கை மரத்துப்போகிறவர் எலாஸ்டிக் பெல்ட்டை இறுக்கிக் கட்டினால் மரப்பு கூடத்தான் செய்யும்.

முதலில் ஒரு சோதனை: இது சுளுக்குத்தானா?

கையை ஊன்றி விழுந்தவர்கள் எதையும் வாங்கும் முன் இதைப் பார்த்துவிட வேண்டும். பெருவிரலை நன்றாக மேல்நோக்கி விரியுங்கள். அதன் அடியில், மணிக்கட்டின் ஓரத்தில், கயிறுபோல் எழும் இரண்டு தசைநாண்களுக்கு நடுவே ஒரு சின்னப் பள்ளம் தெரியும். அந்தப் பள்ளத்தை மறுகையின் விரல் நுனியால் அழுத்தும்போது சுருக்கென்று வலித்தால், ஸ்காஃபாய்டு என்ற சிறிய எலும்பு முறிந்திருக்கலாம் என்றே கருத வேண்டும்.

இந்த எலும்பு பலரை ஏமாற்றிவிடும். வீக்கம் பெரிதாக இருக்காது, கையும் ஓரளவு அசையும். விழுந்த அன்று எடுக்கும் எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமலே போகலாம். “எலும்புக்கு ஒன்றுமில்லை” என்ற சொல்லைக் கேட்டு நிம்மதியாகிப் பெல்ட்டோடு வேலைக்குப் போய்விடுகிறார்கள். ஸ்காஃபாய்டுக்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்க நுனியிலிருந்துதான் நுழைகிறது. நடுவில் முறிந்தால் முன்கை பக்கத்துத் துண்டுக்கு ரத்தம் குறைந்து, எலும்பு ஒட்டாமல் போகலாம். சில ஆண்டுகளில் அந்த மூட்டே தேய்ந்துவிடும். அதனால்தான் பள்ளத்தில் வலி இருந்தால், முதல் எக்ஸ்ரே சரியாக இருந்தாலும் பெருவிரலையும் சேர்த்து அசையாமல் கட்டி, 10 முதல் 14 நாள் கழித்து மறுபடி எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறார்கள். எம்ஆர்ஐ எடுத்தால் இன்னும் சீக்கிரமே தெரிந்துவிடும்.

கை கோணலாகத் தெரிந்தாலோ, விரல்கள் சில்லிட்டு நீலம் பாய்ந்தாலோ, அடிபட்டபின் விரல்கள் மரத்தாலோ கடைக்குப் போகவே வேண்டாம், நேரே மருத்துவமனைதான். மூட்டு சிவந்து சூடாக வீங்கிக் காய்ச்சலும் சேர்ந்தால், மூட்டுக்குள் கிருமித்தொற்று இருக்கலாம். அதற்கும் அதே அவசரம் உண்டு.

எதை வைத்துத் தேர்வு செய்வது?

விலையைப் பார்க்கும் முன் நான்கு கேள்விகளுக்கு விடை வேண்டும்.

முதலாவது, வலி எந்த இடத்தில்? பெருவிரல் பக்கமா, சுண்டுவிரல் பக்கமா, நடுவிலா? மணிக்கட்டுக்குள் 8 சிறு எலும்புகள் இருக்கின்றன. அவற்றைச் சுற்றி ஜவ்வுகளும் தசைநாண்களும் நரம்புகளும் நெருக்கமாக ஓடுவதால், விரல் நுனியளவு இடம் மாறினாலே நோய் வேறாகிவிடும்.

இரண்டாவது, எப்போது வலிக்கிறது? வேலை செய்யும்போதா, நடு இரவிலா, காலையில் எழுந்ததுமா?

மூன்றாவது, எந்த அசைவை நிறுத்த வேண்டும்? மணிக்கட்டு மடங்குவதை மட்டுமா, பெருவிரலையுமா? அல்லது அசைவை நிறுத்தாமல் லேசான அழுத்தம் கொடுத்தால் போதுமா?

நான்காவது, அதைப் போட்டுக்கொண்டு என்ன செய்யப்போகிறீர்கள்? தூங்குவதற்கு ஒன்று, தட்டச்சுக்கு ஒன்று, பாத்திரம் தேய்ப்பதற்கு ஒன்று. மூன்றையும் ஒரே பட்டையால் சமாளிக்கப் பார்த்தால் கடைசியில் அது பீரோவுக்குள்தான் போகும்.

கிரேப் பேண்டேஜ்

புதிதாக ஏற்பட்ட சுளுக்கின் முதல் சில நாள்களுக்கு இதுதான் ஏற்றது. வீக்கம் நாளுக்கு நாள் மாறும்போது அதற்கேற்ப இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்க இதில்தான் முடியும். விலையும் குறைவு, 100 முதல் 200 ரூபாய்க்குள் கிடைக்கும். மணிக்கட்டுக்கு 6 அல்லது 8 செ.மீ. அகலம் வாங்குங்கள். பலர் 10 செ.மீ. வாங்கிவிடுகிறார்கள். அது பெருவிரல் இடுக்கில் மடிந்து, கயிறாகத் திரிந்து, சதையை அறுக்கும்.

கட்டும் முறையில்தான் பலன் இருக்கிறது. முழங்கையிலிருந்து கீழ்நோக்கிக் கட்டுவது தவறு, வீக்கம் விரல்களில் போய்த் தேங்கிவிடும். விரல் கணுக்களுக்குச் சற்றுக் கீழே உள்ளங்கையில் தொடங்கி இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். பெருவிரல் இடுக்கு வழியாகப் புறங்கையில் குறுக்கே கொண்டுவந்து, மணிக்கட்டைச் சுற்றி, மறுபடி உள்ளங்கைக்கு எட்டு வடிவில் கொண்டுபோங்கள். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதியை மூட வேண்டும். மணிக்கட்டுக்கு மேல் நான்கு விரல் அகலம் வரை வந்ததும் முடித்துவிடலாம். பேண்டேஜை அதன் முழு நீட்சிக்கும் இழுக்காமல் பாதியளவே இழுங்கள். முடித்ததும் ஒரு நகத்தை அழுத்தி விட்டால், வெளுத்த நிறம் 2 விநாடிக்குள் திரும்ப வேண்டும். திரும்பவில்லை என்றாலோ, விரல் குறுகுறுத்தாலோ அவிழ்த்து மறுபடி கட்டுங்கள்.

இதன் குறை, அசைவை இது நிறுத்தாது. “இறுக்கிக் கட்டினால் நிற்கும்” என்று நினைத்து இறுக்குபவர்கள் ரத்த ஓட்டத்தைத்தான் நிறுத்துகிறார்கள். இரவில் கழற்றிவிட்டு, கையைத் தலையணைமேல் உயர்த்தி வைத்துத் தூங்கலாம். சில வாரப் பயன்பாட்டில் நீட்சி போய்விடும். அதன்பின் அது வெறும் துணி.

எலாஸ்டிக் அல்லது நியோப்ரீன் பெல்ட்

பெருவிரலை நுழைக்க ஒரு வளையமும் மணிக்கட்டைச் சுற்றி ஒட்டும் பட்டையும் கொண்ட இதைத்தான் கடைகளில் அதிகம் விற்கிறார்கள். 150 முதல் 350 ரூபாய் வரை இருக்கும். இது மூட்டைப் பூட்டாது. சூடும் லேசான அழுத்தமும் தரும், “இந்தக் கையைப் பார்த்துப் பயன்படுத்து” என்று நினைவூட்டிக்கொண்டே இருக்கும். சுளுக்கு ஆறிவரும் இரண்டாம் கட்டத்துக்கும், தேங்காய் துருவுவது, வாளி தூக்குவது போன்ற வேலைகளின்போது மட்டும் வரும் லேசான வலிக்கும் இதுவே போதும்.

சிக்குன்குனியாவுக்குப் பிறகு மாதக்கணக்கில் நீடிக்கும் மணிக்கட்டு வலிக்கும், தகடு வைத்த பிரேஸைவிட இது மேல். அந்த வலியில் மூட்டைப் பூட்டி வைக்க வைக்க விறைப்புக் கூடும். வேலை நேரத்தில் பெல்ட், மற்ற நேரத்தில் வெந்நீர் ஒத்தடமும் அசைவுப் பயிற்சியும் என்பதே சரியான பங்கீடு.

நியோப்ரீன் ரப்பர் வகை. வியர்வை வெளியேறாது. நம் ஊர் வெயிலில் இரண்டு மணி நேரத்தில் உள்ளே ஈரம் கட்டி, அரிப்பும் வேர்க்குருவும் வரும். ரப்பரைப் பதப்படுத்தும் ரசாயனங்களால் சிலருக்கு ஒவ்வாமையும் உண்டாகும். பட்டையின் வடிவத்திலேயே தோல் சிவந்து தடித்தால், அது இறுக்கத்தால் வந்ததல்ல, பொருள் ஒத்துக்கொள்ளவில்லை. துளையுள்ள வலைத்துணி எலாஸ்டிக்குக்கு மாறிவிடுங்கள்.

தகடு வைத்த பிரேஸ்

கடையில் “காக்-அப் ஸ்பிளின்ட்” என்று கேட்டால் கிடைக்கும். உள்ளங்கைப் பக்கம் ஒரு பையும் அதற்குள் செருகிய உலோகத் தகடும், புறங்கைப் பக்கம் மூன்று வெல்க்ரோ பட்டிகளும் இருக்கும். விலை 300 முதல் 700 ரூபாய். மணிக்கட்டு மடங்குவதை உண்மையாகவே தடுப்பது இதுதான். விரல்கள் முழுதும் விடுதலையாக இருக்கும்.

எலும்பு முறிவு இல்லை என்று உறுதியான நடுத்தரச் சுளுக்குக்கு, அதாவது ஜவ்வு ஓரளவு கிழிந்து வீக்கமும் ரத்தக்கட்டும் தெரியும் சுளுக்குக்கு, 2 முதல் 4 வாரம் இது பொருந்தும். ஆனால் இதன் முழு மதிப்பு தெரிவது கார்பல் டனல் நோயில்தான்.

பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலின் பாதி ஆகியவை மரத்துப்போகும். இரவில் தூக்கம் கலைந்து எழுந்து கையை உதறினால் சரியாகும். இதுதான் அந்த நோயின் முகம். மணிக்கட்டின் நடுவே ஒரு குறுகிய பாதை இருக்கிறது. அதன் வழியே செல்லும் நரம்பு, தூக்கத்தில் கையை மடக்கி வைக்கும்போது நசுங்குகிறது. சர்க்கரை நோய், தைராய்டு குறைபாடு உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது அதிகம். இவர்கள் பகல் முழுக்கப் பிரேஸ் போட வேண்டியதில்லை. இரவில் போட்டால் போதும், ஆனால் தொடர்ந்து 6 வாரமாவது போட வேண்டும். நான்கு நாள் போட்டுப் பார்த்து “பலனில்லை” என்று கழற்றிவிட்டால் அது சோதனையே ஆகாது.

இதில் பெரும்பாலானவர்களுக்குச் சொல்லப்படாத ஒன்று தகட்டின் வளைவு. கடையில் வரும் தகடு கையைச் சுமார் 20 முதல் 30 பாகை பின்னோக்கி வளைத்து வைக்கும்படி செய்யப்பட்டிருக்கும். பொருள்களைப் பிடிக்க அது வசதி. ஆனால் நரம்புப் பாதையில் அழுத்தம் மிகக் குறைவாக இருப்பது கை ஏறத்தாழ நேராக இருக்கும்போதுதான். பையிலிருந்து தகட்டை உருவி, மேசை விளிம்பில் வைத்து அழுத்தி நிமிர்த்துங்கள். உள்ளங்கைக் குழிவுக்கான வளைவை மட்டும் அப்படியே விட்டு, பழைய திசையிலேயே திரும்பச் செருகுங்கள். பிளாஸ்டிக் தகடு என்றால் இது நடக்காது. ஆகவே கார்பல் டனலுக்கு வாங்குபவர்கள் அலுமினியத் தகடா என்று தொட்டுப் பார்த்து வாங்க வேண்டும்.

ஊசியா, பிரேஸா என்று மருத்துவர் கேட்டுத் திகைப்பவர்களுக்கு: 2018-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த பிரிட்டன் ஆய்வு ஒன்று ஒரு ஸ்டீராய்டு ஊசியையும் இரவுப் பிரேஸையும் ஒப்பிட்டது. 6 வாரத்தில் ஊசி போட்டவர்களுக்கே நிவாரணம் கூடுதல். 6 மாதத்தில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. தூக்கமே இல்லாமல் தவிப்பவருக்கு ஊசி நியாயமான தேர்வு, காத்திருக்க முடிந்தவருக்குப் பிரேஸ் போதும். பெருவிரல் அடிச்சதை வற்றத் தொடங்கியிருந்தாலோ, மரப்பு இரவு பகலாக விடாமல் இருந்தாலோ பிரேஸை நம்பி நாளைக் கடத்தக் கூடாது. நரம்புச் சோதனையும் அறுவை சிகிச்சை பற்றிய ஆலோசனையும் அப்போது அவசியம்.

பெருவிரலையும் பிடிக்கும் ஸ்பிளின்ட்

பச்சைக் குழந்தையைத் தூக்கித் தூக்கி, பெருவிரல் அடியிலிருந்து முன்கை வரை வலி இழுக்கிறது என்று சொல்லும் இளம் தாய்மார்களுக்குப் பெரும்பாலும் இருப்பது டி க்வெர்வேன் நோய். பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற விரல்களால் மூடி, முட்டியைச் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்த்துப் பாருங்கள். பெருவிரல் பக்கம் கடுமையாக வலித்தால் அதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். பெருவிரலை இழுக்கும் இரண்டு தசைநாண்கள் தம் உறைக்குள் உரசுவதே காரணம். மணிக்கட்டை மட்டும் பிடிக்கும் பிரேஸ் அந்த உரசலை நிறுத்தாது. பெருவிரலின் அடி மூட்டுகளைப் பிடித்து, நகத்துக்கு அடுத்த நுனிக் கணுவை மட்டும் அசையவிடும் ஸ்பிளின்ட் வேண்டும். கடையில் “தம் ஸ்பைக்கா” என்று கேளுங்கள். 400 முதல் 900 ரூபாய் ஆகும். இடக்கை, வலக்கை தனித்தனி.

ஸ்பிளின்ட் போட்டாலும் குழந்தையைத் தூக்கும் விதம் மாறாவிட்டால் வலி போகாது. அக்குளில் இரு கைகளையும் கொடுத்து, பெருவிரலை விரித்துத் தூக்குவதுதான் பாதகம். உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து, ஒரு கையைப் பிட்டத்துக்குக் கீழும் மற்றதை முதுகுக்கும் கொடுத்து அள்ளித் தூக்க வேண்டும். 4 முதல் 6 வாரத்தில் குறையவில்லையென்றால், தசைநாண் உறைக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி ஸ்பிளின்ட்டைவிட நன்றாகவே வேலை செய்யும். அதற்குப் பயந்து மாதக்கணக்கில் அவதிப்படத் தேவையில்லை.

ஐம்பதைத் தாண்டியவர்களுக்குப் பெருவிரலின் அடிமூட்டுத் தேய்மானமும் இதே பகுதியில் வலிக்கும். ஜாடி மூடி திறக்கும்போதும், சாவி திருகும்போதும் குத்தும். இவர்களுக்கு மணிக்கட்டைப் பூட்டாத, பெருவிரல் அடியை மட்டும் பிடிக்கும் குட்டை ஸ்பிளின்ட் போதும். வேலையும் தடைபடாது.

நீவி விடுவதும் நாட்டுக் கட்டும்

இதையும் ஒரு தேர்வாகவே பலர் எண்ணிப் பார்க்கிறார்கள் என்பதால் ஒதுக்க முடியாது. அடிபட்ட முதல் 2, 3 நாள்களில் எண்ணெய் தேய்த்து நீவினால் உள்ளே ரத்தக்கசிவும் வீக்கமும் கூடும். முறிவு இருந்தால் எலும்பு விலகிவிடலாம். அந்த நாள்களுக்கு உரியது, துணியில் சுற்றிய ஐஸை 15 முதல் 20 நிமிடம் வைத்து எடுப்பது. மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டும் கட்டில் உண்மையான ஆபத்து இறுக்கம்தான். உள்ளே வீக்கம் ஏற ஏறக் கட்டு இளகிக் கொடுக்காது. தசைகளுக்கு ரத்தம் நின்று, கை நிரந்தரமாகச் சுருங்கிப்போகலாம், விரல்களை இழக்கவும் நேரலாம். கட்டுப் போட்டபின் வலி குறைவதற்குப் பதிலாக ஏறினால், விரலை நீட்டினாலே உயிர் போகும் வலி என்றால், அந்த நிமிடமே கட்டைப் பிரித்துவிட்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள். விடியட்டும் என்று காத்திருக்கும் நேரத்தில் கை போய்விடும்.

செப்பு வளையம், காந்தப் பட்டை இரண்டுக்கும் மூட்டு வலியில் ஆய்வுகள் எந்தப் பலனையும் காட்டவில்லை.

ஒரு பார்வையில்

| நிலைமை | ஏற்றது | எப்போது அணிவது | எவ்வளவு காலம் |
|---|---|---|---|
| லேசான சுளுக்கு | கிரேப் பேண்டேஜ், பிறகு எலாஸ்டிக் பெல்ட் | பகலில் | 1–2 வாரம் |
| நடுத்தரச் சுளுக்கு, முறிவு இல்லை | தகடு வைத்த பிரேஸ் | பகலும் தேவைப்பட்டால் இரவும், இடையிடையே கழற்றி | 2–4 வாரம் |
| பெருவிரல் பள்ளத்தில் வலி, விழுந்தபின் | பெருவிரலையும் பிடிக்கும் ஸ்பிளின்ட் அல்லது மாவுக்கட்டு | கழற்றாமல் | மறு எக்ஸ்ரே வரை |
| கார்பல் டனல் | நேராக்கிய தகடுள்ள பிரேஸ் | இரவில் | குறைந்தது 6 வாரம் |
| டி க்வெர்வேன் | தம் ஸ்பைக்கா | பகலில், வேலையின்போது | 4–6 வாரம் |
| சிக்குன்குனியா வலி | எலாஸ்டிக் பெல்ட் | வேலையின்போது மட்டும் | வலி உள்ளவரை |

இரண்டு மணிக்கட்டுகளும் வீங்கி, காலையில் விறைப்பு விட அரை மணிக்கு மேலாகி, அது வாரக்கணக்கில் நீடித்தால் முடக்குவாதமாக இருக்கலாம். அதற்குப் பிரேஸ் வலியை மட்டும்தான் தணிக்கும். மூட்டு அரிக்கப்படுவதை மருந்துதான் நிறுத்தும். முதல் சில மாதங்களில் மருந்தைத் தொடங்குவது பெரிய வித்தியாசம் தரும் என்பதால், பெல்ட்டால் சமாளித்து நாளைத் தள்ளுவது இங்கே மிகப் பெரிய இழப்பு.

விலைச்சீட்டில் இல்லாத செலவுகள்

எல்லாவற்றிலும் பெரிய செலவு விறைப்பு. தேவைக்கு மேல் பூட்டி வைத்த மூட்டு இறுகும், முன்கைச் சதை மெலியும். மணிக்கட்டு அசையாதபோது அதன் வேலையை முழங்கையும் தோளும் ஏற்றுக்கொள்வதால், இரண்டாவது வாரத்தில் அங்கே புதிதாக வலி தொடங்குவதும் உண்டு.

இரு சக்கர வண்டி ஓட்டுபவர்கள் வலக்கையில் தகடு வைத்த பிரேஸோடு ஓட்டக் கூடாது. ஆக்ஸிலரேட்டரைத் திருகுவதும் முன் பிரேக்கைப் பிடிப்பதும் அந்தக் கைதான். அவசரத்தில் அரை விநாடி தாமதமே போதும், விபத்துக்கு. சமையலறையில் செயற்கைத் துணிப் பட்டை அடுப்புத் தீயில் சட்டென்று பற்றும், ஈரமானால் உள்ளே தோல் ஊறிப் புண்ணாகும். அடுப்பு, பாத்திர வேலைக்குக் கழற்றிவிட்டு, கனமான குக்கரையும் தோசைக் கல்லையும் வேறொருவரிடம் கொடுத்துவிடுவதே நல்லது.

துவைப்பதையும் கணக்கில் வையுங்கள். தகட்டை உருவி, வெல்க்ரோவை ஒட்டி மூடி, சோப்புத் தண்ணீரில் கையால் அலசி நிழலில் உலர்த்த வேண்டும். பஞ்சுத் தடிமன் உள்ளது உலர ஒரு நாள் ஆகிவிடும். ஆறு வாரம் இரவில் அணியப் போகிறவர்கள் உள்ளே மெல்லிய பருத்திக் காலுறையின் நுனியை வெட்டி மாட்டிக்கொண்டால், காலுறையை மட்டும் தினம் துவைத்தால் போதும்.

அடிபட்ட கையில் மோதிரம், வளையல் இருந்தால் வீக்கம் ஏறும் முன் முதல் வேலையாகக் கழற்றுங்கள். மறுநாள் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

கடையில் அளவு பார்ப்பது

சுண்டுவிரல் பக்கம் துருத்தியிருக்கும் எலும்புக் குமிழுக்குச் சற்றுக் கீழே மணிக்கட்டின் சுற்றளவை நாடாவால் அளந்துகொண்டு போங்கள். ஒரு நிறுவனத்தின் மீடியம் இன்னொன்றின் ஸ்மாலாக இருக்கும், பெட்டியில் உள்ள செ.மீ. கணக்கைப் பாருங்கள். போட்டுப் பார்க்கும்போது நடுப் பட்டியை முதலில் ஒட்டி, பிறகு மற்ற இரண்டையும் ஒட்டுங்கள். பட்டிக்கடியில் ஒரு விரல் நுழைய வேண்டும். பிறகு முட்டி பிடித்துப் பாருங்கள். தகட்டின் நுனி விரல்களை முழுதும் மடக்கவிடாமல் இடித்தால் அது உங்கள் கைக்கு நீளம். முழங்கைப் பக்கம் முன்கையின் பாதியையாவது அது எட்ட வேண்டும். அதைவிடக் குட்டையானது மணிக்கட்டைப் பிடிக்காமல் விளிம்பில் குத்திக்கொண்டிருக்கும். எந்த அளவும் பொருந்தாத கைகளுக்கு, வெந்நீரில் இளகும் தெர்மோபிளாஸ்டிக்கில் கையின் மேலேயே வார்த்துத் தரும் ஸ்பிளின்ட்டைத் தொழில்வழிச் சிகிச்சையாளர்களிடம் (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்) செய்துகொள்ளலாம். செலவு ஆயிரத்தைத் தாண்டும், ஆனால் உறுத்தாது.

கழற்றும் காலம்

சுளுக்குக்குப் போட்ட பிரேஸை, கடும் வலி அடங்கிய மூன்றாம் நான்காம் நாளிலிருந்து தினம் மூன்று முறை கழற்றுங்கள். முன்கையை மேசைமேல் கிடத்தி, கையை விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டு, மெல்ல மேலும் கீழும் 10 முறை, பக்கவாட்டில் 10 முறை. இழுக்கும் உணர்வு வரலாம், குத்தும் வலி வரக் கூடாது. அது எளிதானதும் குளியல் ஸ்பான்ஜைப் பிழியும் பயிற்சியைச் சேருங்கள். வீட்டில் பிரேஸ் இல்லாமல் இரண்டு நாள் வலியின்றிப் போனால், வெளியே போகும்போதும் எடை தூக்கும்போதும் மட்டும் அணியுங்கள். அடுத்த வாரம் அதையும் விடலாம்.

கழற்றும் ஒவ்வொரு முறையும் பழைய வலி அப்படியே திரும்பினாலோ, மூன்று வாரமாகியும் கையை ஊன்றி எழ முடியாவிட்டாலோ, அசைக்கும்போது உள்ளே “டக்” என்று எலும்பு இடறினாலோ ஜவ்வு முழுதாகக் கிழிந்திருக்கலாம். அந்தக் கையை எலும்பு மருத்துவரிடம் காட்டி, முட்டி பிடித்த நிலையில் எக்ஸ்ரேயும் தேவைப்பட்டால் எம்ஆர்ஐயும் எடுத்துப் பாருங்கள். முழுக் கிழிசலைச் சரிசெய்யும் அறுவை சிகிச்சை முதல் சில வாரங்களுக்குள் நடந்தால்தான் நன்றாகக் கூடும்.